கால்மாரும் பார்சிப்பனியும்

பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். அத்தனை வருஷத்தில் டென்மார்க் என்ற பெயரை வகுப்பில் நாலைந்து தடவைக்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் பாடத்திட்டத்தில் ஐரோப்பா என்றால் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, கொஞ்சம் இத்தாலி, கடைசியில் ரஷ்யா. வடக்கே கிடந்த மூன்று நாடுகள் சுவரில் தொங்கிய வரைபடத்தில் மூன்று நிறங்களாக மட்டும் இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் படித்ததில்லை.

அந்தக் குறை ஓய்வு பெற்ற பிறகுதான் உறுத்தியது. மனைவி போன மறு வருஷம், தொண்ணூற்றைந்தில், மகனோடு நியூஜெர்சி பார்சிப்பனிக்கு வந்துவிட்டேன். காலையில் ஆபீஸ் போகும் வழியில் மகன் என்னை நூலகத்தில் இறக்கிவிடுவான், மாலையில் மருமகள் வந்து ஏற்றிக்கொள்வாள். நடுவில் இருக்கும் பகலை என்ன செய்வது என்று தெரியாமல், எனக்குத் தெரியாத ஐரோப்பாவைப் படித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வரலாற்று அலமாரியில் வட நாடுகளைப் பற்றி ஏழு புத்தகங்கள் இருந்தன. தடிமனானதில் ஆரம்பித்தேன்.

நூலகத்தில்தான் பாய் அறிமுகமானார். ராமநாதபுரத்துக்காரர், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே மகன் வீட்டில் இருந்தார். பத்திரிகை அடுக்கின் முன்னால் நின்றுகொண்டு, "ஒரு தலைப்புலயாச்சும் நம்ம ஊரைப் பத்திப் போடுறானான்னு பாக்குறேன், காணோம்" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கே சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டோம். கோடையில் நூலகத்தின் வாகன நிறுத்தத்தைச் சுற்றி, குளிர்காலத்தில் பக்கத்து மாலுக்குள்ளே. நடக்கும்போது விளக்குக் கம்பங்களை எண்ணுவது என் வழக்கம். கடைகளையும் எண்ணுவேன், பூட்டிய கடைகளைத் தனியாக எண்ணுவேன். வேண்டுமென்று செய்வதில்லை, கண் தானாகச் செய்துவிடும்.

"நீங்க எண்ணுங்க புரொபசர், நான் நடக்குறேன்" என்பார் பாய். "ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளு வேலை ஆயிரும்."

வீட்டில் பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். மகனும் மருமகளும் களைத்து வருவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் தமிழில் பேசுவதற்கும், என்னை யாராவது கிண்டல் செய்வதற்கும், அந்த ஊரில் இருந்த ஒரே ஆள் பாய்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட கவலை எல்லாம் ஏதோ ஊர் நன்மைக்காகப் பட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அப்போது எங்கள் பக்கத்தில் மூன்று தமிழ்ச் சங்கங்கள் இருந்தன. எழுபதுகளில் வந்த டாக்டர்களும் பொறியாளர்களும் நடத்திய பழைய சங்கம் ஒன்று. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் தொடங்கிய புதுச் சங்கம் ஒன்று, என் மகனும் மருமகளும் அதில்தான். மூன்றாவது, இருபது இருபத்திரண்டு முஸ்லிம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்த ஒரு வட்டம். அதைப் பாயின் மகன் பார்த்துக்கொண்டான். முதல் இரண்டு சங்கங்களும் ஒரே சனிக்கிழமை வெவ்வேறு பள்ளிக்கூடங்களில் பொங்கல் வைப்பார்கள். என் பேத்தி காலையில் ஒரு மேடையில் ஆடிவிட்டு, அதே பட்டுப் பாவாடையோடு காரில் போய் மத்தியானம் இன்னொரு மேடையில் அதே பாட்டுக்கு ஆடுவாள். பார்க்க வந்தவர்களிலும் பாதிப் பேர் அதே ஆட்கள்தான்.

இதை நிறுத்த வேண்டும் என்று கிளம்பியவள் என் மருமகள். மூன்றையும் ஒன்றாக்க அவளால்தான் முடியும் என்று எல்லோருக்கும் தோன்றியது. பழைய சங்கத்துத் தலைவரான கிட்னி டாக்டரும் அவளுடைய அப்பாவும் ஈரோட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். பாயின் மகன் அவள் ஆபீஸில் வேலை செய்தான், ஒரே காரில் போய்வருவார்கள், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தொண்ணூற்றேழு இலையுதிர் காலத்தில், எங்கள் வீட்டு பேஸ்மெண்டில், பத்தொன்பது மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து மூன்று சங்கத்தாரும் பேசி முடித்தார்கள். ஒரே சங்கம், ஒரே தலைவி. அவரவர் வழக்கம் அவரவருக்கு, பெரிய விழாக்கள் மட்டும் எல்லோருக்கும் பொது. மருமகள் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள்.

அந்த வாரம் நான் தடிமனான புத்தகத்தில் கால்மாருக்கு வந்திருந்தேன்.

டென்மார்க் ராஜாவின் மகள் ஒருத்தியை, பத்து வயதில், நார்வே ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு ஒரே பையன், அவனும் பதினேழு வயதில் இறந்துபோனான். அப்பாவும் இல்லை, புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் இரண்டு நாட்டுப் பிரபுக்களும் அவளையே ஆளச் சொன்னார்கள். தங்கள் ராஜாவைப் பிடிக்காத ஸ்வீடன் பிரபுக்களும் அவளிடம் வந்தார்கள். பெண்ணைச் சிம்மாசனத்தில் உட்காரவைக்கிற வழக்கம் அங்கே இல்லாததால், அவளுக்கு வீட்டு எஜமானன் என்று பொருள்படும் ஆண்பால் பட்டம் ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அவள் தன் அக்காளின் பேரனைத் தத்தெடுத்து, கால்மார் என்ற ஊரில் மூன்று நாட்டுக்கும் சேர்த்து அவனுக்கு முடி சூட்டினாள். மூன்று நாடுகளும் என்றைக்கும் ஒரே ராஜாவின் கீழ் இருக்கும், அந்தந்த நாட்டுச் சட்டம் அந்தந்த நாட்டுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அது ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. கழித்துப் பார்த்தேன். சரியாக அறுநூறு வருஷம்.

வரலாறு நடத்தியவனுக்கு இப்படித் தற்செயலாகப் பொருந்தும் எண்கள் மேல் நம்பிக்கை இருக்கக் கூடாது. தெரியும். ஆனாலும் அடுத்த பக்கங்களை வேகமாகப் புரட்டினேன், இது எப்படி முடிந்தது என்று பார்க்க.

நல்லபடியாக முடியவில்லை. ஸ்வீடன் நூறு வருஷத்துக்கு மேல் முறுக்கிக்கொண்டும் திரும்பி வந்துகொண்டும் இருந்து, கடைசியில் ரத்தம் சிந்திப் பிரிந்துபோயிற்று. என்னை அதிகம் தொந்தரவு செய்தது நார்வே. ஸ்வீடனைப் போல அது பெரிய சண்டை போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதன் சபை போயிற்று, அதிகாரிகள் வெளியிலிருந்து வந்தார்கள், எழுதுகிற மொழிகூட டேனிஷ் ஆயிற்று. நானூறு வருஷத்துக்கு மேல் அது டென்மார்க்கின் ஒரு மூலையாகவே கிடந்தது. நார்வே எந்த நாளில் போயிற்று என்று தேடினேன். புத்தகம் ஒரு வருஷத்தைச் சொன்னது. ஆனால் அந்த வருஷத்துக்கு வரும்போது இழக்க அங்கே அதிகம் மிச்சம் இருக்கவில்லை.

பாயிடம் சொன்னேன். மாலின் நடுவில் செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"அப்ப நார்வே யாரு, நாங்களா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"அங்க குளிரு ஜாஸ்தி புரொபசர். நான் டென்மார்க்காவே இருந்துக்கிறேன்."

"டென்மார்க் டாக்டருங்க."

"அவரு கிட்னிக்கும் ராஜா, டென்மார்க்குக்கும் ராஜாவா? சரி, நடங்க. உக்காந்து படிச்சுப் படிச்சு உங்களுக்குப் பித்தம் ஏறிப்போச்சு."

நவம்பரில் முதல் பொங்கலுக்கான கூட்டம், அதுவும் எங்கள் பேஸ்மெண்டில். எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். நான் மூலையில், வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட கஃபடேரியா, மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு பாயின் மகன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். ஜனவரி முழுக்க நோன்பு. மத்தியானம் சாப்பாடு வெச்சா எங்க ஃபேமிலீஸ் யாரும் சாப்பிட முடியாது."

எல்லோருக்கும் உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.

"ஜனவரிலயா வருது?" என்றார் டாக்டர். "முன்னெல்லாம் சம்மர் பக்கம் வந்த ஞாபகம்."

"வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துகிட்டே இருக்கும் அங்கிள்."

"அப்ப ஈவினிங் வெச்சுக்கலாமே?" என்றாள் மருமகள்.

பொருளாளர், புதுச் சங்கத்துப் பையன், தலையாட்டினான். "ஸ்கூலை அஞ்சு மணிக்கு லாக் பண்ணிடுவாங்க. நோன்பு தொறக்கறது எத்தனை மணிக்கு?"

"சன்செட். அன்னிக்கு அஞ்சுக்கு ஒரு நாலஞ்சு நிமிஷம் முன்ன."

"நாலு நிமிஷத்துல வடையை மட்டும்தான் பாக்கலாம், சாப்பிட முடியாது" என்றான் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள், பாயின் மகனும் சிரித்தான்.

வேறு பள்ளிக்கூடம் என்றால் மேடை இல்லை. வேறு மண்டபம் என்றால் அந்த மாதத்தில் கிடைக்காது. பிப்ரவரிக்குத் தள்ளலாமா என்று மருமகள் கேட்டாள்.

"பிப்ரவரில பொங்கல் வெச்சா ஊர்ல சிரிப்பாங்கம்மா" என்றார் டாக்டர்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பிப்ரவரிலதான் வெச்சீங்க. நான் வந்திருந்தேன். கரும்பு பதினொண்ணு கட்டியிருந்தீங்க, எல்லாம் காஞ்சுபோனது."

"அது ஸ்னோ சார்" என்றார் டாக்டர் பொறுமையாக. "பனி பெஞ்சா என்ன பண்றது? அது நம்ம கையில இல்ல."

மற்றவர்களுக்கு அது நியாயமாகப் பட்டதை முகங்களில் பார்த்தேன். கை தூக்கச் சொன்னார்கள். எண்ணும் வேலை வழக்கம்போல எனக்கு. மத்தியானமே இருக்கட்டும் என்று பத்துக் கைகள். பத்தாவது கை பாயின் மகனுடையது. தனியாகத் தெரிய வேண்டாம் என்று தூக்கியிருப்பான். தூக்காத இரண்டில் ஒன்று மருமகளுடையது, தலைவி என்பதால். இன்னொன்று என்னுடையது, எனக்கு ஓட்டே இல்லை.

"பரவால்ல அக்கா" என்றான் அவன். "நாங்க எப்படியும் சாப்பிடப் போறதில்ல. நாங்க பரிமாறிடறோம். நீங்கள்லாம் நிம்மதியா உக்காந்து சாப்பிடுங்க."

அத்தனை பேரும் கை தட்டினார்கள். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இத்தனை பாடுபட்டேன் என்பது போல என்னைப் பார்த்தாள்.

பொங்கலன்று பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டத் தடை. எனவே சமையலறையில் மின்சார அடுப்பில் பால் பொங்க, ஒருவர் மைக்கில் பொங்கலோ பொங்கல் என்று சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னோம். பேத்தி ஒரே ஒரு தடவை ஆடினாள். ஒரு மணிக்கு நீள மேஜைகளுக்குப் பின்னால் பாயின் வட்டத்துக் குடும்பங்களிலிருந்து பதினாலு பேர் வரிசையாக நின்றார்கள், ஆண்களும் பெண்களும், கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு. பாய் சர்க்கரைப் பொங்கல் தட்டுக்குப் பின்னால் நின்றார். முந்நூறு பேருக்கு மேல் அவர்களைக் கடந்து போனோம்.

"இன்னொரு கரண்டி வைங்க புரொபசருக்கு. நார்வே மேல கவலைப்பட்டே இளைச்சுப் போனாரு" என்று தன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டு, தானே வைத்தார். அவருடைய உதடுகள் காய்ந்து வெளுத்திருந்தன. நான் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மேடையில் நிகழ்ச்சி நடத்தியவர் மைக்கில் அவர்களைக் காட்டி, "இதுதாங்க ஒற்றுமை" என்றார். மறுபடி கைதட்டல். நாலு மணி சுமாருக்கு அவர்கள் கிளம்பினார்கள், வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க வேண்டும். நாற்காலிகளை மடக்கும்போது பொருளாளர் இன்னொருவனிடம், "பரிமாறினாங்க, ஆனா க்ளீன் பண்ண நிக்கல பாத்தியா" என்றான்.

"அவங்க விடிஞ்சதுலேர்ந்து தண்ணி குடிக்கலைங்க" என்றேன்.

"தெரியும் அங்கிள். சும்மா சொன்னேன்."

அவன் கெட்டவன் இல்லை. பிற்பாடு எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தடவை காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். மருமகளும் கெட்டவள் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த ராணியும் அப்படித்தான். நான் படித்த மூன்று புத்தகங்களில் எந்தப் புத்தகமும் அவளைக் கொடியவள் என்று சொல்லவில்லை. ஆனால் அவளும் அவளுக்குப் பின் வந்த தத்துப்பிள்ளையும், காலியான ஒரு கோட்டைக்குத் தங்களுக்குத் தெரிந்த, நம்பிக்கையான டென்மார்க்காரனை அனுப்பினார்கள். அப்புறம் இன்னொரு கோட்டைக்கு. அனுப்பியவர்களுக்கு அது நிர்வாக வசதி. கோட்டைக்கு வெளியே நின்றவர்களுக்கு வேறாகத் தெரிந்தது.

கோடையில் பிக்னிக் நன்றாக நடந்தது. பாயின் வட்டத்துக்காரர்கள் பார்க்கிலேயே பெரிய அண்டாவில் பிரியாணி ஆக்கினார்கள். ஈரோட்டுக்காரர்களும் மதுரைக்காரர்களும் மூன்றாம் தடவை தட்டை நீட்டினார்கள். என் கவலையைப் பார்த்து மருமகள் சிரித்தாள். "பாத்தீங்களா மாமா, உங்க புக்ல இதெல்லாம் எழுதலையே." நானும் சிரித்தேன். நாலைந்து மாதம் வேறு புத்தகங்கள் படித்தேன்.

அடுத்த வருஷப் பொங்கலும் நோன்பு மாதத்துக்குள்ளேயே விழுந்தது. இந்தத் தடவை கூட்டம் நடந்த அன்று பாயின் மகன் இல்லை, கம்பெனி வேலையாக டெக்சாஸ் போயிருந்தான். கூட்டம் வேகமாக முடிந்தது. அதே பள்ளிக்கூடம், அதே ஒரு மணி. நேரத்தைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அந்தப் பிரச்சினைதான் போன வருஷமே தீர்ந்துவிட்டதே.

"பரிமாற?" என்று ஒருவர் கேட்டார்.

"அதான் பாய் க்ரூப் இருக்காங்களே" என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

"கேட்டீங்களா?" என்றேன் வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து.

"போன வருஷம் அவங்களாதானே மாமா சொன்னாங்க" என்றாள் மருமகள். "நான் அவன் ஊர்லேர்ந்து வந்ததும் சொல்லிடறேன்." அப்புறம் அவளுடைய ஆபீஸில் ஏதோ நெருக்கடி, தினமும் இருட்டிய பிறகுதான் வருவாள். சொல்ல மறந்துவிட்டாள்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் மாலில் பாய் என்னைவிட மெதுவாக நடந்தார். நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நேத்து சங்கத்துலேருந்து வீட்டுக்கு போன் பண்ணாக" என்றார். "யாருன்னு தெரியல, சின்னப் பையன் குரலு. அங்கிள், போன வருஷம் பதினாலு பேரு பத்தல, இந்த வருஷம் இருபது பேரா அனுப்பிருங்கன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்ன சொல்லுறது? மரியாதையாத்தான் கேட்டான்." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "போன வருஷம் கை சும்மா இருக்கேன்னு நாங்களா எடுத்தோம் கரண்டியை. இப்ப ஆளனுப்பச் சொல்லுறாக. கரண்டி என்னமோ அதே கரண்டிதான் புரொபசர்."

"நான் மருமககிட்டச் சொல்றேனுங்க."

"வேண்டாம். சொன்னா உடனே மன்னிப்புக் கேக்கும், நல்ல புள்ள. அப்புறம் நாங்க பரவால்ல பரவால்லன்னு சொல்லணும். அதுவும் எங்க வேலையா ஆயிரும்."

நான் இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாவிட்டால் அவர்கள் இருபது பேர் வந்து நிற்பார்கள், அல்லது வரவே மாட்டார்கள். இரண்டையும் நினைத்தால் தாங்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது மருமகளிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பாயின் மகனுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "ஐயோ, அப்படில்லாம் ஒண்ணும் இல்ல அக்கா. வாப்பா சும்மா ஏதோ சொல்லியிருப்பாங்க. நீங்க ஒர்ரி பண்ணாதீங்க."

"அப்ப வருவீங்கதானே?"

"பாக்கறோம் அக்கா."

அந்த வாரத்திலிருந்து பாய் மாலுக்கு வரவில்லை. நான் சொன்னதாலா, நோன்பாலா, குளிராலா என்று எனக்குத் தெரியவில்லை. தனியாக நடந்தேன். இருபத்தாறு கடைகளில் ஒன்று புதிதாகப் பூட்டியிருந்தது. அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

பொங்கலன்று அவர்களில் ஒருவரும் வரவில்லை. ஒரு மணிக்கு மேஜைகளின் மேல் அலுமினியத் தட்டுகள் மூடியபடி இருக்க, முன்னால் வரிசை நின்றது. ஐந்து நிமிஷம் யாருக்கும் என்ன செய்வது என்று விளங்கவில்லை. பிறகு மருமகள் பட்டுப் புடவையின் முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தாள். டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாம்பார் பக்கம் போனார். என் மகன் அப்பளம் வைத்தான்.

"கடைசி நேரத்துல காலை வாரிட்டாங்க" என்றான் பொருளாளர், சோற்றுத் தட்டைப் பிரித்துக்கொண்டே.

மருமகள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "நாம என்ன சம்பளமா குடுத்து வெச்சிருந்தோம்?"

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் ஒவ்வொருவர் முகம் பார்த்துச் சிரித்தபடி எல்லோருக்கும் பொங்கல் வைத்தாள். மூன்றரை மணிக்கு என் நாற்காலிக்கு வந்தாள். நெற்றியில் வியர்வை, கையெல்லாம் நெய் வாசனை. "மாமா, கோட்டைப் போடுங்க. பாய் அங்கிள் வீட்டுக்குப் போலாம்."

"பொங்கல் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"இங்கேர்ந்து எதை எடுத்துட்டுப் போனாலும் மிச்சத்தைக் கொண்டுவந்த மாதிரி இருக்கும்."

வழியில் கடையில் நிறுத்தி ஆரஞ்சு வாங்கினாள். காரில் எனக்குள், இவள் போய் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் பரவாயில்லை என்று சொல்லித்தானே ஆக வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பாயின் மகன் கதவைத் திறந்தான். ஒரு கணம் திகைத்து, உடனே, "வாங்க அக்கா, வாங்க அங்கிள்" என்றான். ஹாலில் விரிப்புப் போட்டு, பேரீச்சம்பழமும் வடையும் எடுத்து வைத்திருந்தார்கள். பாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் இளைத்திருந்தது. என்னைப் பார்த்து, "உக்காருங்க. இன்னும் இருவது நிமிஷம் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மருமகள் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் பேசினாள். "தப்பு என் மேலதான். உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டோம். அடுத்த வருஷம் எப்படியாவது ஈவினிங் வெக்கறேன். நீங்க சங்கத்தை விட்டுப் போகக் கூடாது."

பாயின் மகன் ஆரஞ்சுப் பையை ஓரமாக வைத்தான். "யாரும் எங்களை ஒண்ணும் சொல்லல அக்கா. எல்லாரும் நல்லாத்தான் பழகறாங்க. அதான் கஷ்டமா இருக்கு. சண்டை போடலாம்னா எதிர்ல ஆள் இல்ல."

"அப்ப என்ன பண்ணணும்னு சொல்லு."

"நீங்க எப்ப வேணா வீட்டுக்கு வாங்க. சங்கத்துக்கு நாங்க இனிமே வேண்டாம் அக்கா. எங்க வட்டம் சின்னதா இருந்துச்சு, அதுல எதுக்கும் கை தூக்க வேண்டியதில்ல."

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது, ஆனால் மருமகளின் முகத்தைப் பார்த்தபோது அந்த ஆறுதல் போய்விட்டது. இரண்டு வருஷம் மூன்று வீட்டு வாசல்களுக்கும் நடந்தவள். தன் கையாலேயே ஒட்டியது தன் கண் முன்னாலேயே பிரிவதைக் குனிந்த தலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி வடிவக் கடிகாரம் ஒன்றிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள், எங்களுக்கும் கொடுத்தார்கள். பாயின் மருமகள் சமையலறையிலிருந்து கஞ்சிப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். மத்தியானத்திலிருந்து கரண்டி பிடித்த பழக்கத்தில் என் மருமகள் சட்டென்று எழுந்து, "குடுங்க, நான் ஊத்தறேன்" என்று கையை நீட்டினாள்.

"நீங்க உக்காருங்க அக்கா" என்றாள் அந்தப் பெண், மிகவும் அன்பாக. "எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க."

மருமகள் உட்கார்ந்தாள். முதல் கிண்ணம் அவளுக்குத்தான் வந்தது. சூடு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தத்தில் மூன்றாவது வட்டம் தனியாகத் தன் பிக்னிக்கை நடத்தியது. எங்களையும் கூப்பிட்டார்கள், நாங்களும் போனோம். மற்ற இரண்டு சங்கங்களும் சேர்ந்தே இருந்தன, ஆனால் தலைவி வேறு ஒருத்தர். மருமகள் மறுபடி நிற்கவில்லை. அவளும் பாயின் மகனும் அதற்குப் பிறகும் ஒரே காரில்தான் ஆபீஸ் போனார்கள்.

அதற்கெல்லாம் முன்பே, ஜனவரியில் நோன்புப் பெருநாள் கழிந்து நாலாம் நாள், பாய் மறுபடி மாலுக்கு வந்தார். சந்தோஷத்தில் நான் முதல் சுற்று முழுவதும் நானே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் பூட்டிய கடைகளின் எண்ணிக்கையைச் சொன்னபோது, "அப்படிங்களா, நல்லது" என்றார். முட்டிவலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டார், என் பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நானும் அவர் மகன் நலம், மருமகள் நலம் எல்லாம் விசாரித்தேன். சங்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் தவறாமல் நடந்தோம், இரண்டு வருஷத்துக்கு மேல். ஒரு நாளும் அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையோடு பேசிக்கொண்டோம்.